ஜெர்மனியில் பிஎச்.டி: தேட வேண்டியது ஸ்காலர்ஷிப் இல்லை, வேலை!

சூலூர்பேட்டையிலிருந்து சென்னைக்கு வரும் காலை நேரப் புறநகர் ரயில் எளாவூரில் நிற்கும்போது இரண்டு கூட்டம் ஏறும். ஒன்று, வேலைக்குப் போகும் கூட்டம். இன்னொன்று, பொன்னேரிக்கும் சென்னைக்கும் படிக்கப் போகும் கூட்டம்.

அந்த இரண்டாவது கூட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா ஏரியில் வலை போடுகிறவர். மகள் எம்.எஸ்சி. விலங்கியல், கடைசி ஆண்டு. ஆராய்ச்சி செய்ய ஆசை. ஃபோனில் 'ஜெர்மனி' என்று தட்டினால் முதலில் வந்து நிற்பது ஏஜென்சி விளம்பரம்: "ஜெர்மனியில் படிக்கலாம், லோனுக்கும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்." வீட்டில் பேச்செடுத்தால் முதல் கேள்வி, "எவ்வளவு செலவாகும்மா?"

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அது ஏரிக்கரை வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. ஜெர்மனியில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் காசு கட்டிப் படிக்கிற படிப்பு இல்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை.

அதைத் தெரிந்துகொண்டவர் வேலைவாய்ப்பு அறிவிப்பைத் தேடுகிறார். தெரியாதவர் ஏஜென்சிக்குப் பணம் கட்டுகிறார். இந்த வித்தியாசம் ஒரு குடும்பத்தின் கடனையே தீர்மானிக்கிறது.

மாணவர் இல்லை, ஊழியர்

நம் ஊரில் பிஎச்.டி. என்றால் நுழைவுத் தேர்வு, பதிவு, வழிகாட்டி, அப்புறம் உதவித்தொகைக்குக் காத்திருப்பது. ஜெர்மனியில் வரிசை தலைகீழ். ஒரு பேராசிரியருக்கு ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கிடைக்கிறது. அந்த நிதியில் 'முனைவர் பட்ட ஆய்வாளர்' என்று ஒரு பணியிடம் உருவாகிறது. அதற்கு விளம்பரம் வருகிறது. விண்ணப்பம், நேர்காணல், வேலை ஒப்பந்தம். பல்கலைக்கழகப் பதிவு அதற்குப் பிறகுதான்.

சம்பளத்தைப் பேராசிரியர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. அரசு ஊழியர்களுக்கான ஊதிய விகிதப் பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகம் என்றால் அதன் பெயர் 'டி.வி.-எல்'. மத்திய அரசு நிதியில் இயங்கும் ஆய்வு மையங்கள் பலவற்றில் 'டி.வி.ஓ.டி.' முதுநிலைப் பட்டம் முடித்த ஆய்வாளருக்கு அதில் 'இ13' என்ற படிநிலை. விளம்பரத்தில் 'டி.வி.-எல் இ13, 65 சதவீதம்' என்று போட்டிருந்தால், அந்தப் படிநிலைச் சம்பளத்தில் 65 சதவீதம் கிடைக்கும் என்று பொருள்.

எத்தனை சதவீதம் என்பது துறைக்குத் துறை மாறும். கணினி அறிவியல், பொறியியல் துறைகளில் 100 சதவீதப் பணியிடங்கள் சாதாரணம். உயிரியல், கடல் அறிவியல், சமூக அறிவியல் பக்கம் 50 முதல் 75 வரை.

கணக்கு என்ன சொல்லுது?

2025 நிலவரப்படி, இ13 படிநிலையில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு முழு வேலைக்கு மாத மொத்தச் சம்பளம் சுமார் 4,600 யூரோ. 65 சதவீதம் என்றால் ஏறக்குறைய 3,000 யூரோ. வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் பிடித்தது போகத் தனியாளுக்குக் கையில் வருவது சுமார் 2,000 யூரோ.

இது போதுமா? ஜெர்மனி அரசே இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. மாணவர் விசாவில் வருகிறவர் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ, வங்கியில் முடக்கி வைத்துக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து இருக்கும் விதி. 65 சதவீத வேலையில் கையில் வரும் சம்பளம் அதைப் போல இரண்டு மடங்கு. மியூனிக் மாதிரி ஊரில் வாடகையே கடிக்கும். பிரேமன், ரோஸ்டாக் போன்ற ஊர்களில் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இதே கணக்கை இன்னொரு பக்கம் திருப்பிப் பார்க்கலாம். முதுநிலை படிக்கப் போகிறவர் முடக்கி வைக்க வேண்டிய அந்த 11,904 யூரோ, ரூபாயில் பத்து லட்சத்தைத் தாண்டும். தனியார் பல்கலைக்கழகம் என்றால் கல்விக் கட்டணம் தனி. வலை போட்டுப் பிழைக்கும் வீட்டில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? வீடோ படகோ அடமானத்துக்குப் போகும். சம்பளத்துக்கான ஒப்பந்தம் கையில் இருக்கும் ஆய்வாளர், அந்தச் சம்பளத்தையே ஆதாரமாகக் காட்டலாம். பணத்தை முடக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே நாடு, இரண்டு வாசல். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எந்த வாசல் என்பதைச் சொல்லித் தருவதற்குத்தான் ஆள் இல்லை.

இந்தியாவில் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். அதுவும் கௌரவமான தொகைதான், ஊரை விட்டுப் போக வேண்டியதும் இல்லை. ஆனால் ஜே.ஆர்.எஃப்-க்கு வயது வரம்பு 30. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் பிரிவினர், பெண்கள் போன்றோருக்கு 5 ஆண்டு சலுகை. ஜெர்மன் ஆய்வு வேலைக்குப் பொதுவாக இப்படியொரு வயது வரம்பு கிடையாது. எம்.டெக். முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தடாவுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியிலோ சில ஆண்டு வேலை பார்த்தவரும் விண்ணப்பிக்கலாம். தொழிற்சாலை அனுபவம் அங்கே குறையாகப் பார்க்கப்படுவதில்லை.

ஒரு நிபந்தனை மட்டும் கறார். முதுநிலைப் பட்டம் வேண்டும். பி.இ. மட்டும் முடித்தவருக்கும் நான்கு ஆண்டு இளநிலை மட்டும் முடித்தவருக்கும் சில விரைவுத் திட்டங்கள் தவிர நேரடி வழி குறைவு. 2022-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி இந்தியாவில் நான்கு ஆண்டு இளநிலையோடு பிஎச்.டி. சேர முடியும் என்பதால், அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கே தேடணும்?

ஜெர்மன் ஆராய்ச்சி உலகம் பல்கலைக்கழகங்களோடு முடிந்துவிடுவதில்லை. அதற்கு வெளியே நான்கு பெரிய அமைப்புகள் உள்ளன. அடிப்படை அறிவியலுக்கு மாக்ஸ் பிளாங்க், 80-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். பெரிய கருவிகளும் கப்பல்களும் தேவைப்படும் ஆய்வுகளுக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ், 18 மையங்கள். சுற்றுச்சூழல் முதல் சமூக அறிவியல் வரை லைப்னிட்ஸ், 90-க்கும் மேல். தொழில்துறை சார்ந்த ஆய்வுக்கு ஃபிரான்ஹோஃபர், 70-க்கும் மேல். சம்பளம் இந்த நிறுவனங்கள் தரும். பட்டத்தைப் பக்கத்திலிருக்கும் ஒரு பல்கலைக்கழகம் தரும்.

பழவேற்காட்டுப் பக்கத்து மாணவிக்கு இதில் தனியாக ஒரு பட்டியலே போடலாம். பிரேமனில் வெப்பமண்டலக் கடல் ஆய்வுக்கான லைப்னிட்ஸ் மையம். சதுப்புநிலக் காடு, பவளப்பாறை, சிறு மீன்பிடிப்பு ஆகியவைதான் அதன் வேலையே. அதே ஊரில் கடல் நுண்ணுயிரியலுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனம். கீல் நகரில் கியோமார் கடல் ஆய்வு மையம். பிரேமர்ஹாஃபனில் ஆல்ஃபிரெட் வேகனர் நிறுவனம். ரோஸ்டாக் பக்கத்தில் பால்டிக் கடல் ஆய்வுக்கான லைப்னிட்ஸ் நிறுவனம்.

கடைசிப் பெயரைக் கவனிக்க வேண்டும். பால்டிக் கடல் முழு உப்புநீர் இல்லை, உவர்நீர். அதன் கரையில் ஜெர்மனிக்கும் போலந்துக்கும் நடுவே ஷ்டெட்டின் காயல் இருக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும், இரண்டு நாட்டு மீனவர்கள் பங்குபோடும் நீர்நிலை. தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் நடுவே கிடக்கும் பழவேற்காடு ஏரியைத் தெரிந்தவருக்கு அந்தக் கேள்விகள் புதிதாக இருக்காது.

தேடும் வழிகள் நான்கு:

• வேலை விளம்பரம். ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் வேலைவாய்ப்புப் பக்கம் இருக்கும். மொத்தமாகப் பார்க்க ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி-யின் 'பிஎச்டி ஜெர்மனி', 'அகாடமிக்ஸ்', ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூராக்ஸஸ்' ஆகிய தளங்கள் உண்டு.

• கட்டமைக்கப்பட்ட திட்டங்கள். ஜெர்மன் ஆராய்ச்சி நிதியமான டி.எஃப்.ஜி. நிதி தரும் ஆய்வுப் பயிற்சிக் குழுக்கள், மாக்ஸ் பிளாங்கின் சர்வதேச ஆய்வுப் பள்ளிகள். பத்துப் பதினைந்து பேரை ஒரே நேரத்தில் எடுப்பார்கள். பல பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் அறிவிப்பு. அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

• மேரி கியூரி முனைவர் வலையமைப்புகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். வேலை செய்யப் போகும் நாட்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்பது முக்கிய விதி. எளாவூரை விட்டு வெளியே போகாதவருக்கு இது ஒரு தடையே இல்லை.

• உதவித்தொகை. டிஏஏடி-யின் முனைவர் பட்ட உதவி மாதம் 1,300 – 1,400 யூரோ அளவில் இருக்கும். கடைசிப் பட்டம் வாங்கிப் பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வழிகாட்டியின் சம்மதக் கடிதம் முன்கூட்டியே வேண்டும். நல்ல வழிதான். ஆனால் எல்லாரும் இதை மட்டுமே தேடுவதால் போட்டி இங்கேதான் குவிகிறது.

இவை தவிர, அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வழியும் உண்டு. டி.எஃப்.ஜி. எந்தப் பேராசிரியருக்கு எந்தத் திட்டத்துக்கு நிதி கொடுத்தது என்பதை 'கெப்ரிஸ்' என்ற தரவுத்தளத்தில் எல்லாரும் பார்க்கலாம். தன் தலைப்புக்குப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய திட்டம் எது என்று பார்த்துவிட்டால், ஆள் தேவைப்படும் வாய்ப்புள்ள இடம் எது என்பது விளம்பரம் வரும் முன்பே தெரிந்துவிடும்.

விளம்பரத்தில் வரும் சில ஜெர்மன் சொற்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'எம்/டபிள்யூ/டி' என்றால் ஆண், பெண், பிற பாலினத்தவர் யாரும் விண்ணப்பிக்கலாம் என்று பொருள். 'பெஃப்ரிஸ்டெட்' என்றால் குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தம். 'கென்சிஃபர்' என்பது விளம்பர எண். விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட வேண்டும். அறிவியல் துறைகளில் பெரும்பாலும் ஆய்வு மொழி ஆங்கிலம்தான். கடையில் காய்கறி வாங்கவும் வீடு தேடவும்தான் ஜெர்மன் உதவும்.

இன்னொன்று. ஆய்வு வேலைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "சீட் வாங்கித் தர்றேன், முன்பணம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிடலாம்.

நூறு பேருக்கு ஒரே மெயில்: ஏன் பதில் வருவதில்லை?

"நூறு புரொபசருக்கு மெயில் போட்டேன், ஒருத்தர்கூட பதில் போடல" என்ற புலம்பலைக் கல்லூரி வளாகங்களில் அடிக்கடி கேட்கலாம். தப்பு அந்த நூறில்தான் இருக்கிறது. 'மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்' என்று தொடங்கும் கடிதத்தில் பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். வாங்குகிறவருக்கும் அது தெரியும்.

பதில் வரும் கடிதம் வேறு மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு: "பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடும் மாதங்களில் இறால் குஞ்சுகளின் வரத்து எப்படி மாறுகிறது என்பது என் எம்.எஸ்சி. ஆய்வு. வாரம் ஒருமுறை மூன்று இடங்களில் நீரின் உப்பளவு எடுத்தேன். தரவுகளை 'ஆர்' மென்பொருளில் பகுப்பாய்வு செய்தேன். உங்கள் குழு காயலில் மீன்குஞ்சுகள் பற்றி வெளியிட்ட கட்டுரையில் ஒரு கேள்வி எனக்கு உண்டு…"

இதில் புகழ்ச்சி இல்லை. கெஞ்சல் இல்லை. என்ன செய்தார், எதால் அளந்தார், எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது மட்டும் இருக்கிறது. இதோடு இரண்டு பக்கத் தன்விவரம், மதிப்பெண் சான்று, பரிந்துரைக்கக்கூடிய இருவரின் பெயர். அவ்வளவுதான். விளம்பரம் வந்த பணியிடம் என்றால் தனி மெயிலை விட, அவர்கள் சொன்ன தளத்தில் கேட்ட வரிசையில் விண்ணப்பிப்பதே முக்கியம்.

மதிப்பெண் 90 சதவீதம் இல்லையே என்ற கவலை நியாயமானது. ஆனால் நேர்காணலில் அதிகம் பேசப்படுவது முதுநிலை ஆய்வேட்டைப் பற்றித்தான். அதை ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து வாங்கியவர் முதல் ஐந்து நிமிடத்தில் மாட்டிக்கொள்வார். சேற்றில் இறங்கி மாதிரி எடுத்தவர் ஒரு மணி நேரம் பேசுவார்.

ஏரி ஒரு தகுதி

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதைப் பற்றி நூல்களில் இருப்பதைவிட அதிகம் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எந்தக் காற்றுக்கு மடவை கூடும், எந்த மாதம் முகத்துவாரம் மூடும், எந்த இடத்தில் சேறு காலை இழுக்கும் என்பதெல்லாம் அங்கே வளர்ந்த பிள்ளைக்குப் பாடம் இல்லை, பழக்கம்.

இந்த அறிவு ஆராய்ச்சி உலகத்துக்கு அந்நியமும் இல்லை. ஏரியில் எந்தத் தலைக்கட்டு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1991-ல் தனி ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் இந்த ஏரியின் உயிரினங்களைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். ஏரியைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. ஏரிக்கரை வீட்டிலிருந்து வந்து எழுதியவர்கள்தான் அரிது.

நம் ஊர்ப் பிரச்சினையை ஜெர்மனியில் உட்கார்ந்து ஆராய்வது புதுசும் அல்ல. ராம் மனோகர் லோகியா 1930-களின் தொடக்கத்தில் பெர்லினில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், இந்தியாவின் உப்பு வரி. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேன் 1926-ல் பெர்லினில் பட்டம் பெற்றார். சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் தொடங்கப்பட்டதே மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான். பாலம் போட்டு ஒரு நூற்றாண்டாகப் போகிறது. அதில் கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் நடந்தார்கள் என்பதே கேள்வி.

மறுபக்கத்தையும் சொல்லியாகணும்

சம்பளம் வருகிறது என்பதற்காக எல்லாம் இனிப்பு என்று சொல்லிவிட முடியாது.

முதலாவது, 65 சதவீதச் சம்பளம் என்றால் 65 சதவீத வேலை என்பது காகிதத்தில் மட்டும். மீதி நேரம் 'உங்கள் சொந்த ஆய்வுக்கு' என்பார்கள். நடப்பில் ஆய்வகத்தில் முழு நாளும் போகும். ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று ஆண்டு. ஆய்வு முடிய நான்கு, ஐந்து ஆண்டு ஆவதும் உண்டு. நடுவில் வரும் இடைவெளிக்கு நிதி யார் தருவார் என்பதைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்பதை அங்கே யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, பட்டத்துக்குப் பிறகான நிலை. பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று தற்காலிக ஒப்பந்தங்களுக்கு எல்லை வைக்கும் சட்டம் அங்கே 2007 முதல் இருக்கிறது. நிரந்தர வேலை இல்லாமல் நாற்பது வயது வரை ஒப்பந்தம் ஒப்பந்தமாகத் தாவும் ஆய்வாளர்கள் 2021-ல் 'இஷ் பின் ஹன்னா', அதாவது 'நான்தான் ஹன்னா' என்ற முழக்கத்தோடு சமூக ஊடகத்தில் பொங்கினார்கள். அந்தச் சட்டத்தை விளக்க அரசு வெளியிட்ட காணொலியில் வந்த கற்பனை ஆய்வாளரின் பெயர்தான் ஹன்னா. ஜெர்மன்காரர்களே குறைசொல்லும் அமைப்பு அது என்பதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

மூன்றாவது, வழிகாட்டி. ஜெர்மன் மொழியில் ஆய்வு வழிகாட்டியை 'முனைவர் தந்தை', 'முனைவர் தாய்' என்றே அழைப்பார்கள். உறவு நன்றாக இருந்தால் அந்தப் பெயர் பொருந்தும். இல்லாவிட்டால் விசா, சம்பளம், பட்டம் மூன்றும் ஒரே ஆளின் கையில் மாட்டிக்கொள்ளும். இரண்டு, மூன்று பேர் கொண்ட ஆலோசனைக் குழு இருக்கும் திட்டங்களைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. சேரும் முன் அந்தக் குழுவில் இப்போது வேலை செய்யும் ஓர் ஆய்வாளரிடம் பத்து நிமிடம் பேசினால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நான்காவது, சட்டம். பழவேற்காட்டு மீன், சேறு, நுண்ணுயிர் மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு பிரேமனுக்குப் போய்விட முடியாது. 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டு நிறுவனங்கள் நம் உயிரி வளங்களை ஆய்வுக்கு எடுக்க தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த ஆணையத்தின் அலுவலகம் இருப்பதே சென்னை தரமணியில்தான். ஏரியில் பறவைகள் சரணாலயப் பகுதி இருப்பதால் வனத்துறை அனுமதியும் தேவைப்படலாம். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் விண்ணப்பதாரர், ஜெர்மன் பேராசிரியருக்கே ஒரு பெரிய உதவி.

விசாவிலும் ஒரு கவனம் தேவை. 2022 நவம்பர் முதல் இந்தியர்களின் மாணவர் விசாவுக்கு 'ஏ.பி.எஸ்.' எனும் சான்றிதழ் சரிபார்ப்பு கட்டாயமானது. ஆய்வு வேலை ஒப்பந்தத்தோடு போகிறவருக்குக் குடியிருப்புச் சட்டத்தின் 18டி பிரிவில் ஆய்வாளர் அனுமதி என்ற தனி வழி உண்டு. எந்த வழியில் போகிறோம் என்பதை வேலை தரும் நிறுவனத்தின் சர்வதேச அலுவலகத்திடம் எழுதிக் கேட்டுவிட்டு, தூதரகத்தின் ஆவணப் பட்டியலைப் பார்த்து விண்ணப்பிப்பதே நேர் வழி. இதற்கு ஏஜென்ட் தேவையில்லை.

கல்லூரிகள் எங்கே கோட்டை விடுகின்றன?

பொன்னேரி அரசு கலைக் கல்லூரி, பொன்னேரியிலேயே உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி, சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். எளாவூரிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் போய்ச் சேரக்கூடிய தூரத்தில்தான் இத்தனையும் இருக்கின்றன. பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் இங்கே உண்டு. இல்லாதது இணைப்பு.

வேலைவாய்ப்புப் பிரிவு இல்லாத கல்லூரி இன்று அநேகமாக இல்லை. அதன் பலகையில் ஐ.டி. நிறுவனம், வங்கி, மருந்து விற்பனை வேலை எல்லாம் ஒட்டப்பட்டிருக்கும். மாதம் 3,000 யூரோ மொத்தச் சம்பளத்தோடு, காப்பீட்டோடு, ஆண்டுக்கு 30 நாள் விடுப்போடு வரும் ஆய்வு வேலை விளம்பரத்தை எந்தப் பலகையில் பார்க்க முடிகிறது? அது 'வெளிநாட்டுப் படிப்பு' என்ற பெட்டிக்குள் போய்விடுகிறது. அந்தப் பெட்டியை ஏஜென்சிகளிடம் ஒப்படைத்துவிட்டோம்.

அரசின் பக்கமும் ஓர் ஓட்டை இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலையும் முனைவர் பட்டமும் படிக்க மத்திய, மாநில அரசுகளின் உதவித்தொகைகள் உண்டு. ஏரிக்கரை இருளர் குடும்பத்துப் பிள்ளைக்கு அது கைகொடுக்கும். அவசியம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வரும் பட்டினவர் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை. அவருக்குச் சம்பளத்தோடு வரும் ஆய்வு வேலைதான் உண்மையான கதவு. அதைத் திறக்க அரசு கோடிகள் ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு விசா கட்டணம், ஒரு விமான டிக்கெட், முதல் மாதச் சம்பளம் வரும்வரை வாடகைக்கு ஒரு முன்பணம். இவற்றை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தால்கூடப் போதும். சம்பளம் வாங்குகிறவர் திருப்பிக் கட்டிவிடுவார்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. முதுநிலை ஆய்வேட்டைச் சடங்காக நடத்தாமல் நிஜமான ஆய்வாக நடத்துவது. மாதம் ஒருமுறை ஆய்வு வேலை விளம்பரங்களைப் பலகையில் போடுவது. ஒரு பக்கத்தில் தன் ஆய்வை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லித் தருவது. இந்த மூன்றுக்கும் தேவை ஓர் ஆசிரியரின் அக்கறை. பெரிய பட்ஜெட் இல்லை.

"எல்லாரும் ஜெர்மனிக்குப் போய்ட்டா இங்க யாரு இருப்பா?" என்ற கேள்வி வரும். வரட்டும். பழவேற்காடு ஏரியைப் பற்றிய முடிவுகள் இன்று சென்னையிலும் டெல்லியிலும் எடுக்கப்படுகின்றன. அந்த மேஜைகளில் மீனவர்கள் மனு கொடுக்கிறவர்களாக நிற்கிறார்கள். முகத்துவாரத்தை எப்படித் திறந்து வைப்பது, துறைமுகமும் அனல்மின் நிலையமும் நீரை என்ன செய்கின்றன என்று தரவோடு பேச, அந்தக் கரையில் பிறந்த ஒரு முனைவர் இருந்தால் பேச்சு மாறும். அவர் நாலு வருஷம் பிரேமனில் இருந்துவிட்டு வந்தால் ஏரிக்கு நட்டம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து சேர ஒரு வேலையை இங்கே வைத்திருக்கிறோமா என்பதுதான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது.

எளாவூரில் ரயில் ஏறிய அந்த மாணவி சென்னையில் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஏஜென்சி விளம்பரத்தை மூடிவிட்டு, ஒரு ஆய்வு மையத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்து, மூன்று விளம்பரங்களை நிதானமாகப் படிக்க அந்த நேரம் போதும். வீட்டில் மறுபடி "எவ்வளவு செலவாகும்மா?" என்று கேட்டால், அவரிடம் ஒரு பதில் இருக்கும்: "விசாவுக்கு 75 யூரோ, அப்புறம் டிக்கெட்டு. மீதிக்கு அவங்க சம்பளம் கொடுப்பாங்கப்பா."